சக்தியக்கா சொன்னால் சரி

ஊரில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்காரர் அழுவார்கள், சக்தியக்கா அழைப்பார். கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ், கொழும்பு, கரவெட்டி என்று எங்கெங்கே சொந்தம் சிதறிக் கிடக்கிறதோ அங்கெல்லாம் செய்தி போவது அவருடைய போனிலிருந்துதான்.

யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கை முகப்பில் ஒரு காலம் அவர் ‘கொமினிக்கேசன்’ நடத்தினார். வெளிநாட்டுக்குக் கதைக்க வேண்டுமென்றால் ஊரே அங்கேதான் வரிசையில் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று சனம் அழுததையும் சிரித்ததையும் வெளியே வாங்கில் இருந்து பார்த்தவர் அவர். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. கடை போட்டோகொப்பி, ரீலோட் என்று சுருங்கியது. ஆனால் ஊராருடைய நம்பர்கள் எல்லாம் அவரிடமே தங்கிவிட்டன. கலியாணம் கட்டாமல் ஐம்பத்தேழு வயதைத் தொட்ட பராசக்திக்கு ஊர் கொடுத்த உத்தியோகம் அது.

அதற்கு ஒரு முறை இருந்தது. சாவு சொல்கிறவர் நீட்டி முழக்கக் கூடாது. செத்தது என்ற சொல்லை வாயில் எடுக்கவும் கூடாது. “இன்னார் மோசம் போட்டார்.” அவ்வளவுதான். வேறு ஊர்களில் மோசம் போவதென்றால் ஏமாந்து போவது. யாழ்ப்பாணத்தில் அது சாவும்கூட. கேட்கிறவரும் எப்படி, என்ன என்று குடைய மாட்டார். “ஓம் அக்கா” என்றுவிட்டு வைத்துவிடுவார். செத்தவீட்டுக்கே போன் எடுத்து விசாரிப்பதும் வழக்கமில்லை. ஒப்பாரி நடக்கிற இடத்தில் போனை யார் எடுப்பது? சக்தியக்கா சொன்னால் சரி. அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை பேர் அழுதழுது ரிக்கெற் போட்டு வந்து இறங்கியிருக்கிறார்கள்!

“உங்கடை நம்பரைக் கண்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது அக்கா,” என்பான் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் லியோன். “நல்லநாள் பெருநாளிலையும் ஒருக்கா எடுத்துப் பழகுங்கோவன்.”

“எடுத்தால் நீ மனிசியிட்டைப் போனைக் குடுத்திட்டு ஒளிச்சிடுவாய்.”

“அவளும் எடுக்கமாட்டாள். உங்கடை நம்பருக்கு எங்கடை வீட்டிலை என்ன பேர் தெரியுமோ? பறை மேளம்.”

சக்தியக்கா சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பெருமை. புருசன் பிள்ளை இல்லாத ஒருத்தியின் குரலை ஊரும் உலகமும் ஒரு கேள்வி கேட்காமல் நம்புகிறதே, அதைவிட ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்?

அந்த நம்பிக்கையில்தான் இடி விழுந்தது.

தொடக்கம் ஒன்றுமில்லாத விசயம். தெரியாத நம்பர்களிலிருந்து பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று ஓயாமல் ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் எடுக்கிறார்கள் என்று பெயர் காட்டுகிற அப் ஒன்று போனில் விளம்பரமாக வந்தது. சக்தியக்கா அதைத் தானே இறக்கினார். அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கேட்டதற்கெல்லாம் அவர் ஓம் அமத்தினார்.

அவர் நம்பர்களைச் சேமிக்கிற விதம் வேறு யாரிடமும் இல்லாதது. வெறும் பெயர் போட்டால் ஊரில் எத்தனை குகன், எத்தனை மதுரா! அதனால் உறவையும் இடத்தையும் சேர்த்தே எழுதிவிடுவார். ‘சின்னாச்சி மாமி மகன் குகன் லண்டன்.’ ‘ஆழ்வாப்பிள்ளையர் மருமகள் சுவிஸ், பேச்சுவார்த்தை இல்லை.’ சாவு சொல்கிறவருக்கு யாருக்கு யார் என்ன முறை, யாருக்கு யாரோடு கோபம் என்று தெரியத்தானே வேண்டும்.

ஒருநாள் லியோன் ஓட்டோவைக் கடை வாசலில் குறுக்கே விட்டுவிட்டு இறங்கி வந்தான்.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன துரோகம் செய்தனான்?”

“என்னடா?”

“அச்சுவேலியிலையிருந்து ஒரு மனிசன் ஓட்டோ கேட்டவர். நான் திருப்பி எடுக்க, அவற்றை போனிலை என்ரை பேர் எப்பிடி விழுந்ததாம் தெரியுமோ? ‘லியோன் ஓட்டோ, அஞ்சு நிமிசமெண்டால் அரைமணித்தியாலம்.’ வேண்டாம் தம்பி எண்டிட்டு வைச்சிட்டார்!”

சக்தியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. அந்தப் பெயர் அவருடைய போனில், அவருடைய விரல் எழுதியபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. முன்பின் தெரியாத ஓர் அச்சுவேலிக்காரர் அதை எப்படி வாசித்தார்?

அவர் எழுதி வைத்த பெயர்களையெல்லாம் அந்த அப் வாரிக்கொண்டு போய் ஊருக்கே காட்டியிருந்தது. அப்பை உடனே அழித்தார். கொட்டின பாலை யார் அள்ளுவது?

கொஞ்சக் காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு முற்பகல், சின்னாச்சி மாமியின் மகள் சுபாஜினி சைக்கிளைக் கடைச் சுவரில் எறிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, அம்மாவை ஏன் சாக்கொண்டனியள்?”

சக்தியக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுபாஜினி மூச்சு வாங்கச் சொன்னாள். லண்டனில் இருக்கும் அவளுடைய அண்ணன் குகதாசனுக்குப் போன் போயிருக்கிறது. நம்பர், சக்தியக்காவின் நம்பர். ஒரு பொம்பிளைக் குரல், விம்மலோடு ஒரே வசனம்: “அம்மா மோசம் போட்டா.” உடனே வைத்தாயிற்று. பின்னாலேயே செலவுக்குக் காசு போடச் சொல்லி ஒரு கணக்கு நம்பரும் வந்திருக்கிறது. குகதாசன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லையே! காசைப் போட்டுவிட்டு, வேலையிடத்தில் தரையில் இருந்து அழுதிருக்கிறான். பின்னேரம் வீட்டுக்கு எடுத்தால், “ஹலோ, ஆரது?” என்று தாயே கேட்டிருக்கிறாள்.

“அண்ணை கத்தின கத்து அக்கா… பேயெண்டு நினைச்சிட்டார்.”

“பிள்ளையாராணை நான் எடுக்கேல்லை சுபா. பார், போனைப் பார்.”

போனில் அப்படி ஓர் அழைப்புப் போன சுவடே இல்லை.

சக்தியக்கா அப்போதே சின்னாச்சி மாமி வீட்டுக்கு ஓடினார். மாமி விறாந்தையில் கதிரை போட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

“வா பிள்ளை, வா. செத்தவளைப் பாக்க வெறுங்கையோடையே வாறது?”

“மாமி, நான் சொல்லேல்லை…”

“எனக்குத் தெரியாதே உன்னை? இரு. என்ரை பெடியன் எப்பிடி அழுதவனெண்டு ஒருக்காச் சொல்லு. உயிரோடையிருந்து அதைக் கேக்கிற பாக்கியம் ஆருக்குக் கிடைக்கும்?” மாமி சிரித்தார். “பொய்யாச் சாவு சொன்னால் ஆயுள் கூடுமாம். நூறு தாண்டுவன் போலை கிடக்கு. சுபாவின்ரை பாடுதான் கஸ்ரம்.”

பகிடி பகிடியாகத்தான் இருந்தது. ஆனால் மாமி உருவிய இலையை எறிந்துவிட்டு ஈர்க்கைச் சட்டிக்குள் போட்டதைச் சக்தியக்கா கண்டார்.

அன்று குகதாசனுடன் கதைத்தார். அவன் கோபிக்கவில்லை. “நீங்கள் செய்யமாட்டியள் அக்கா, எனக்குத் தெரியும்,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “ஆனால் உங்கடை நம்பர்தானே அக்கா வந்தது?” என்றான்.

சக்தியக்கா பொலிசுக்குப் போனார். தமிழ் கதைக்கிற பொலிஸ்காரர் ஒருவர் கதிரை தந்து மரியாதையாகக் கேட்டார்.

“போன் துலைஞ்சுபோச்சோ அம்மா?”

“இல்லை, கையிலை இருக்கு.”

“அப்ப என்ன களவு போனது?”

“என்ரை நம்பர்.”

“நம்பரும் உங்களிட்டைத்தானே அம்மா இருக்கு?”

போன் கொம்பனிக் கவுண்டரில் நின்ற பிள்ளைக்கு விசயம் விளங்கியது. “இன்ரநெற்றாலை எடுத்து விரும்பின நம்பரைக் காட்டலாம் அன்ரி. உங்கடை போன் தேவையில்லை. ஆரோ உங்கடை முகத்தை முகமூடியாப் போட்டுக்கொண்டு திரியிற மாதிரி. நீங்கள் நம்பரை மாத்துங்கோ.”

“மாத்தினால், புது நம்பரிலையிருந்து சாவு சொல்ல ஆர் பிள்ளை நம்புவினம்?”

“அதுக்கு…” பிள்ளை யோசித்தது. “அதுக்கு ஒண்டும் செய்யேலாது அன்ரி.”

அப்போதுதான் சக்தியக்கா அந்தப் பிழையை விட்டார். நல்லது என்று நினைத்துச் செய்தது. எல்லோரையும் எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தார். எழுதினால் கிழடு கட்டைகள் வாசிக்காது; என் குரலில் சொன்னால் கேட்பார்கள் என்று, ஊர்க்காரர் உலகமெல்லாம் இருந்து சேர்ந்திருக்கும் வட்ஸ்அப் குரூப்பில் குரலைப் பதிந்து போட்டார்.

“சின்னாச்சி மாமி மோசம் போட்டா எண்டு ஆரும் என்ரை நம்பரிலை எடுத்துச் சொன்னால் நம்பாதேங்கோ. அது நானில்லை.”

எங்கள் மொழியில் ‘இல்லை’யும் ‘நம்பாதே’யும் கடைசியில்தான் வரும். முதலில் வருவது முழுசாக நிற்கிற ஒரு வசனம். அதை யாரோ அந்த இடத்திலேயே கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கிழமை குகதாசனுக்கு மறுபடியும் அழைப்புப் போனது. நம்பர், சக்தியக்காவின் நம்பர். குரலும் இந்தமுறை சாட்சாத் சக்தியக்காவின் குரல். “சின்னாச்சி மாமி மோசம் போட்டா.” முன்னொருமுறை ஏமாந்தவன்தான். என்றாலும் சின்ன வயதிலிருந்து கேட்ட குரலாயிற்றே! நெஞ்சு விறைக்க வீட்டுக்கு எடுத்து, “அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்டிருக்கிறான். கேட்டது தாயிடமே.

அதற்குப் பிறகு சின்னாச்சி மாமி பகிடி விடவில்லை. சாப்பாடு குறைந்தது. படலைக்கு வெளியே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தபோது அவர் சொன்னதைச் சுபாஜினி பக்கத்தில் நின்று கேட்டாள்.

“இனி ஆர் என்னைச் செத்ததெண்டு சொன்னாலும் நீ எடுத்துக் கேளாதை ராசா. இருக்கிறாவோ, இருக்கிறாவோ எண்டு நீ கேக்கக் கேக்க எனக்கு ஆயுள் தேயுற மாதிரிக் கிடக்கு. நான் ஞாயிற்றுக்கிழமையளிலை உன்னோடை கதைப்பன். கதைச்சால் இருக்கிறன். மற்றதெல்லாம் பொய்.”

குகதாசன் தாய்க்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தான்.

குரூப்பில் யாரோ, “சக்தி கொமினிக்கேசன் நம்பர் வந்தால் எடுக்கவேண்டாம்” என்று போட்டார்கள். அதற்குக் கீழே பெருவிரல் பெருவிரலாக விழுந்தது. சக்தியக்கா அதை ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாமே தெரிந்த விரல்கள். தங்கள் வீட்டுச் சாவைச் சொல்லச் சொல்லி அவரிடம் ஓடி வந்தவர்களின் விரல்கள்.

சின்னாச்சி மாமி ஒரு திங்கட்கிழமை பின்னேரம் செத்துப்போனார். கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தவர், பிறகு எழும்பவில்லை. உண்மையாகவே செத்துப்போனார்.

சுபாஜினி தன் போனிலிருந்து அண்ணனுக்கு எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. எழுதி அனுப்பினாள். தாயைக் கிடத்தியிருந்த கோலத்தைப் படம் பிடித்தும் அனுப்பினாள். “படமும் செய்யத் தொடங்கிட்டியளோ?” என்று ஒரு பதில் வந்தது. அதோடு அவளுடைய நம்பரும் அடைபட்டது. மற்ற நாட்டுச் சொந்தங்கள் துக்கம் விசாரிக்க எடுத்தபோது, அவர்களையும் ஏமாற்றுக்காரர் என்று வாயில் வந்தபடி பேசிவிட்டான். அவர்களுக்கும் ரோசம் இருக்காதா? “தாய் செத்த வீட்டிலை இப்பிடியே கதைக்கிறது?” என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியில் சுபாஜினி சக்தியக்காவிடம்தான் வந்தாள். தலை விரிந்தபடி, செருப்பில்லாமல்.

“நீங்கள் சொன்னால் ஒருவேளை கேப்பார் அக்கா.”

நான் சொன்னாலா! சக்தியக்காவுக்கு நெஞ்சு உடைந்தது. என்றாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் போனை விட்டு லியோனின் போனை வாங்கி எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை குகதாசன் எடுத்தான்.

“குகன், நான் சக்தியக்கா. லியோன்ரை போனிலை எடுக்கிறன். வைச்சிடாதை தம்பி. அம்மா…”

“எடியேய்!”

சக்தியக்கா திடுக்கிட்டுப் போனார்.

“எத்தினை தரமடி என்ரை அம்மாவைக் கொல்லுவியள்? உனக்குத் தாய் இல்லையோடி? அந்த மனிசியின்ரை குரலை வைச்சு… அவ எவ்வளவு நல்ல மனிசி தெரியுமோ? அவவின்ரை குரலிலை வந்து…” அவன் அழுதான். “நாசமாப் போவாய்!”

போன் வைக்கப்பட்டது. வாழ்நாளில் ஒருநாளும் அக்கா என்ற சொல் இல்லாமல் அவரோடு கதைக்காதவன் அவன். அவரை ஏசியதும் அவருக்காகத்தான். அதை யாரிடம் சொல்லி அழுவது? லியோன் போனை மெல்ல வாங்கிக்கொண்டான். அவனிடம் பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

லண்டனிலேயே இருக்கும் ஜெரிசனைப் பிடித்து, நேரே போய்க் கதவைத் தட்டச் சொல்லலாம் என்று சக்தியக்கா நினைத்தார். குகதாசனோடு படித்தவன். அவன் எடுத்தான், மரியாதையாகவும் கதைத்தான். “நீங்கள் சக்தியக்காவா இருந்தால் குறை நினையாதேங்கோ. இல்லாட்டில் வெக்கப்படுங்கோ,” என்றுவிட்டு வைத்தான்.

செத்தவீட்டில் சுபாஜினிக்குச் சிறிய தகப்பன் முறையான பஞ்சலிங்கம்தான் முன்னுக்கு நின்றார். பிரேதத்தைப் பழுதாகாமல் வைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். லண்டன் மகனுக்காக எவ்வளவு நாளும் வைத்திருக்கலாம். ஊரில் நடக்கிற விசயம்தான்.

“வாறன் எண்டு ஒரு சொல்லு வரட்டும் பிள்ளை, வைச்சிருப்பம்,” என்றார் பஞ்சலிங்கம். “ஒரு சொல்லும் இல்லாமல் ஆரைப் பாத்துக்கொண்டு வைச்சிருக்கிறது?”

“ஞாயிற்றுக்கிழமை அண்ணை எடுப்பார் சித்தப்பா.”

“எடுத்து? அவன் கேக்கப்போறது கொம்மாவோடை கதைக்க. நீ ஆரைக் குடுப்பாய்?”



புதன்கிழமை பிரேதத்தை எடுத்தார்கள். பஞ்சலிங்கத்தின் மகன் டிலக்ஷன் கொள்ளி வைத்தான். செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் ஒரு பகுதி சக்தியக்கா நின்ற பக்கம் போகவில்லை. “கரிநாக்கு. ரெண்டுதரம் சொன்னாள், மூண்டாந்தரம் பலிச்சுது” என்று ஒருத்தி மற்றவளின் காதுக்குள் சொன்னாள், காதுக்குள் சொல்கிற மாதிரியே சத்தமாகச் சொன்னாள். சக்தியக்கா கேட்டுக்கொண்டு நின்றார். சொன்னவளின் தகப்பன் செத்த அன்று, பாரிசில் இருந்த அவளுடைய தம்பிக்குச் செய்தி சொன்னதும் இந்த நாக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சக்தியக்கா கடையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் இருந்தார். சுபாஜினி செத்தவீட்டில் இருக்கிறாள். தாயின் குரலுக்காகக் குகதாசன் எடுக்கப்போகிறான். 

அவருடைய போன் அடித்தது. ‘சின்னாச்சி மாமி மகன் குகன் லண்டன்.’

“சக்தியக்கா.”

“ஓம் தம்பி.”

“வீட்டை எடுத்தனான். சுபா கதைக்கிறாளில்லை. அழுகிறாள். அம்மாட்டைக் குடு எண்டால் அழுகிறாள்.” அவன் குரல் மெலிந்து கிடந்தது. “நீங்கள் சொல்லுங்கோ.”

அந்தப் பழைய வசனத்தை அவர் தொடவில்லை.

“மாமி இல்லை குகன். திங்கக்கிழமை. கதிரையிலை இருந்தபடியே. ஒரு கஸ்ரமும் படேல்லை.”

 போனுக்குள்ளால் லண்டன் பஸ் ஒன்று போகிற இரைச்சல் கேட்டது.

“லியோன்ரை போனிலை எடுத்தது… நீங்களே?”

“ஓம்.”

“நான் உங்களை…”

“அதை விடு தம்பி.”

“ஆர் கொள்ளி வைச்சது?”

“டிலக்ஷன்.”

“சின்னப் பெடியன்.”

“ஓம்.  தகப்பன் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.”

“என்ன சீலை உடுத்தினவை?”

“நீ போனமுறை கொண்டந்த பச்சைச் சீலை. மடிப்புக் குலையாமல் வைச்சிருந்தவ. சுபாதான் எடுத்துக் குடுத்தவள். முகம் நித்திரை மாதிரித்தான் குகன், உன்ரை அம்மா…”

“பொறுங்கோ.”

அவன் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

“நான்தான் உங்கடை நம்பருக்கு எடுத்தனான். எண்டாலும்… இப்ப கதைக்கிறது நீங்கள்தானே அக்கா?”

சக்தியக்கா வாயைத் திறந்தார். ஓம் என்று சொல்லலாம். அதை அவர்களும் சொல்லுவார்கள். அவனுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம் என்று தேடினார். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அவன் முதல்முதல் லண்டனுக்குக் கதைத்தது, உள்ளே போகுமுன் சீப்பெடுத்துத் தலையிழுத்தது, எத்தனையோ இருந்தன. ஆனால் எதைச் சொன்னாலும் அது இந்தப் போனுக்குள்ளால், இந்த நம்பரில், இந்தக் குரலில்தான் போகவேண்டும்.

“அக்கா?” என்றான் அவன். “சொல்லுங்கோவன்.”